இருமத் தெரியாத நோயாளி

டிசம்பர் பிறந்துவிட்டால் புணேயின் இரவுகள் சட்டென்று மாறிவிடும். கடல் மட்டத்துக்கு 560 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியில் இருக்கிற ஊர் அது. பகலில் 28, 29 டிகிரி வெயில் அடித்தாலும் வானம் மேகமின்றித் திறந்திருப்பதால் பொழுது சாய்ந்ததும் தரை தன் சூட்டை வேகமாக இழந்துவிடும். விடியற்காலையில் 10 டிகிரிக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். 1935 ஜனவரி 17 அன்று 1.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. மனிதர்கள் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். நாய் சுருண்டு படுத்துத் தன் உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதே வீட்டில், பால்கனியை ஒட்டிய அறையில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் வளர்கிற பாம்புக்கு மட்டும் இந்த இரண்டு வழியும் இல்லை. சுருண்டு படுத்தாலும் காப்பாற்றிக்கொள்ள அதன் உடம்பில் சொந்தச் சூடு கிடையாது.

அந்தப் பாம்பு பெரும்பாலும் பால் பைத்தானாக இருக்கும். பெயரில் இருப்பது நாம் குடிக்கிற பால் அல்ல. பயந்தால் பந்தாக உருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் வழக்கத்தால் ஆங்கிலத்தில் வந்த பெயர். கானா, டோகோ, பெனின் முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் வெப்பமான புல்வெளி அதன் சொந்த இடம். ஐந்து அடியைத் தாண்டுவது அரிது. விஷம் இல்லை, கடிப்பதும் அபூர்வம். இந்திய நகரங்களின் அடுக்குமாடி வீடுகளுக்குள் அது வந்து சேர்ந்ததற்கு இந்தச் சாதுத்தனம்தான் காரணம்.

அதற்கு நோய் வந்தால் எப்படித் தெரியும்? பாம்பு வைத்தியத்தின் கஷ்டமே அங்குதான் இருக்கிறது. பாம்பு முனகாது, நொண்டாது. அதன் முகத்தில் அசைகிற தசை இல்லை. இமை இல்லாததால் கண் சொருகுவதையும் பார்க்க முடியாது. முதலில் இரையைத் தொடாமல் விடும். ஆனால் பால் பைத்தான், அதிலும் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிடும். அதனால் வளர்ப்பவர் கவலைப்படுவதில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் பெட்டியிலிருந்து லேசான சொடுக்குச் சத்தம் கேட்கும். பாம்பு தலையை உயர்த்தி, வாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருக்கும். வாயோரத்தில் எச்சில் குமிழி தெரியும். அது நேற்று வந்த நோய் அல்ல. பதினைந்து, இருபது நாளாக உள்ளே வளர்ந்து இன்றைக்கு வெளியே தெரிந்திருக்கிறது.

பாம்பு வைத்தியம் அறிந்த கால்நடை மருத்துவர் பாம்பைத் தொடுவதற்கு முன் பெட்டியைப் பற்றித்தான் கேட்பார். சூடான மூலையில் எத்தனை டிகிரி, குளிர்ந்த மூலையில் எத்தனை? எந்த இடத்தில் வைத்த தெர்மாமீட்டர் சொல்கிறது? ராத்திரியில் எவ்வளவு? மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? காற்றில் ஈரப்பதம் எவ்வளவு? கடைசியாக எப்போது இரை எடுத்தது, எப்போது சட்டை உரித்தது, உரித்த சட்டை முழுசாக வந்ததா? வீட்டுக்குப் புதிதாக இன்னொரு பாம்பு வந்ததா? பெட்டியின் படம் கைப்பேசியில் இருந்தால் அதையும் வாங்கிப் பார்ப்பார். "வெதுவெதுப்பாத்தான் இருக்கும் டாக்டர்" என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது. பால் பைத்தானுக்குச் சூடான முனை 31, 32 டிகிரியும் குளிர்ந்த முனை 25, 26 டிகிரியும் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களும் தெரியாத வீட்டில் வளர்கிற பாம்பின் நோயை, எவ்வளவு விலை உயர்ந்த பரிசோதனை செய்தாலும் பாதிதான் கண்டுபிடிக்க முடியும்.

ஏன் என்பதற்கு ஒரு பழைய சோதனை நல்ல விடை தருகிறது. 1974இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ குளூகரும் அவருடைய சகாக்களும் பாலைவன இகுவானா என்ற ஓணானை எடுத்துக்கொண்டார்கள். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்கிற கூண்டில் விட்டு, கொல்லப்பட்ட பாக்டீரியாவை ஊசியில் ஏற்றினார்கள். ஓணான்கள் வழக்கத்தைவிடச் சூடான பக்கம் போய் உட்கார்ந்து, தம் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 2 டிகிரி உயர்த்திக்கொண்டன. நமக்குக் காய்ச்சல் உள்ளேயிருந்து வருகிறது. அவை நடந்து போய்க் காய்ச்சலைத் தேடிக்கொண்டன. மறுவருடம் உயிருள்ள பாக்டீரியாவைச் செலுத்தி, ஓணான்களை நகர விடாமல் 34 முதல் 42 டிகிரி வரை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். 40, 42 டிகிரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. 34 டிகிரியில் வைத்தவை சில நாட்களில் செத்துப்போயின. அந்த பாக்டீரியாவின் பெயர் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா. நோயுற்ற பாம்பின் வாயிலும் நுரையீரலிலும் மருத்துவர்கள் அடிக்கடி சந்திக்கிற ஆசாமி அது.

பாம்புகளில் இந்தத் "தேடிப்போகும் காய்ச்சல்" எல்லா இனத்திலும் ஒரே மாதிரி தெரிவதில்லை. பாலைவன ஓணானின் 42 டிகிரியை மலைப்பாம்புக்குக் கொடுத்தால் அது செத்துவிடும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: ஊர்வனவற்றின் வெள்ளை அணுக்கள் வேலை செய்கிற வேகம், எதிர்ப்புப் புரதங்கள் உருவாகிற வேகம், இரை செரிக்கிற வேகம், மருந்து உடம்பை விட்டு வெளியேறுகிற வேகம் எல்லாமே அவை படுத்திருக்கிற தரையின் வெப்பத்தைப் பொறுத்தவை. ஜனவரியில் 18 டிகிரிக்குப் போய்விட்ட பெட்டியில் பாம்பின் எதிர்ப்புச் சக்தி அரைத் தூக்கத்தில் இருக்கிறது. கிருமிக்கு அந்த 18 டிகிரி ஒரு தடையே இல்லை. குளிர்ந்த இரத்தப் பிராணி என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்த சொல் இங்கே பெரிய தீங்கு செய்கிறது. குளிர் அதற்கு இயல்பு என்று நினைக்க வைத்துவிடுகிறது.

நுரையீரலின் அமைப்பும் கிருமிக்குத்தான் சாதகம். நல்ல பாம்பு, சாரை போன்ற பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் மட்டுமே வேலைக்கு உதவும். இடது பெயரளவுக்குத்தான், சிலவற்றில் அதுவும் இல்லை. மலைப்பாம்புக் குடும்பத்தில் இரண்டும் உண்டு, இடது சிறியது. நீண்ட வலது நுரையீரலின் பின்பகுதி இரத்தக்குழாய்கள் குறைந்த வெறும் காற்றுப்பை. சளி அங்கே போய்த் தேங்குகிறது. நமக்கு உதரவிதானம் இருக்கிறது. அதை உதறி இருமி வெளியே தள்ளுகிறோம். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. விலா எலும்புத் தசைகளை விரித்துச் சுருக்கித்தான் மூச்சு விடுகிறது. இருமத் தெரியாத உடம்பு. தலையைத் தூக்கி மூச்சுக்குழாயை நேராக்குவதுதான் அதனால் முடிந்த ஒரே உபாயம். அந்தத் தலை தூக்கலை அழகான போஸ் என்று எண்ணிப் படம் எடுப்பவர்களும் உண்டு. பார்க்கும்போது மனது கனத்துப்போகிறது.

கேள்விகள் முடிந்து பாம்பு மேஜைக்கு வந்ததும் முதல் வேலை எடை போடுவது. கிராம் கணக்கில், டிஜிட்டல் தராசில். சாப்பிடாத பாம்பு எடை குறையவில்லை என்றால் பொறுத்திருக்கலாம்; குறைந்துகொண்டே வந்தால் அது நோய். பிறகு கைவிரல்களுக்கு இடையே மெல்ல ஊர விடுவார்கள். முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்துகிறதா, வயிற்றுப் பக்கம் கட்டி தட்டுப்படுகிறதா, தோல் மடிப்பு விழுந்து அப்படியே நிற்கிறதா என்று விரல் பார்த்துக்கொண்டே போகும். மல்லாக்கத் திருப்பிவிட்டால் நலமான பாம்பு அந்த நொடியே நிமிர்ந்துகொள்ளும். திருப்பின கையிலேயே இதயத்தையும் பார்த்துவிடலாம்: உடல் நீளத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வயிற்றுச் செதில் ஒன்று மெதுவாக எழுந்து எழுந்து அமரும். ஸ்டெதஸ்கோப்பைச் செதில் மேல் வைத்தால் உரசல் சத்தம்தான் கேட்கும் என்பதால் ஈரத் துணியை இடையில் வைத்துக் கேட்பார்கள், அல்லது டாப்ளர் கருவியை ஒற்றுவார்கள்.

வாயைத் திறப்பது கடைசியில்தான். அதில்தான் அதற்கு எரிச்சல் அதிகம். மென்மையான பிளாஸ்டிக் அட்டையை உதட்டோரம் நுழைத்தால் திறந்துகொள்ளும். ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். ஊசி குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் வாய் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கீழ்த்தாடையின் நடுவில், நாக்குறைக்குச் சற்று மேலே, மூச்சுக்குழாயின் வாய் ஒரு சின்னக் குழாய்போல் துருத்திக்கொண்டிருக்கும். பெரிய இரையை விழுங்கும்போது அதை வெளியே நீட்டி மூச்சு விட்டுக்கொள்வதற்காக இயற்கை செய்த ஏற்பாடு. மருத்துவருக்கு அது வரப்பிரசாதம். மெல்லிய குழாயை அதன் வழியே இறக்கி, கொஞ்சம் உப்புநீர் விட்டு உறிஞ்சி எடுத்தால் நுரையீரல் கழுவல் கிடைக்கும். அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது தெரிந்துவிடும். ஊகத்தில் மருந்து கொடுத்துக் காலம் கடத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

சிகிச்சையின் முதல் மருந்து வெப்பம். இரவும் பகலும் 30 டிகிரிக்கு மேல், தெர்மோஸ்டாட்டின் காவலோடு. இரண்டாவது நீர். வற்றிப்போன பாம்புக்குத் தோலடியில் திரவம் ஏற்றி, வெதுவெதுப்பான நீரில் உடம்பு நனைய விடுவார்கள். இதற்குப் பிறகுதான் ஆன்டிபயாடிக். சொல்லும்போது பலர் நம்ப மறுக்கிற விஷயம் ஒன்று உண்டு. நமக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போடுகிற செஃப்டாசிடைம் ஊசி பாம்புக்கு 72 மணி நேரத்துக்கு ஒரு முறைதான். அதன் சிறுநீரகம் அவ்வளவு மெதுவாக மருந்தை வெளியேற்றுகிறது. அவசரப்பட்டு தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகாது. அமிகாசின் போன்ற மருந்தாக இருந்தால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் சுண்ணாம்புபோல் படிந்துவிடும். ஊசியை உடலின் முன்பாதியில் போடுவது வழக்கம். பின்பாதியிலிருந்து திரும்புகிற இரத்தத்தில் ஒரு பங்கு சிறுநீரகம் வழியாகப் போவதால் மருந்து வீணாகும் அல்லது நஞ்சாகும் என்ற எச்சரிக்கை அதன் பின்னால் இருக்கிறது. அந்த விளைவு முன்பு பயந்த அளவுக்குப் பெரிதல்ல என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. மருத்துவர்கள் வழக்கத்தை விட்டுவிடவில்லை.

சீழ் விஷயத்திலும் மனித வைத்தியம் செல்லாது. நம் உடம்பில் கட்டி பழுத்தால் கீறிவிட்டால் வடிந்துவிடும். பாம்பின் வெள்ளை அணுக்களில் சீழை இளக்கும் நொதிகள் குறைவு. அதனால் சீழ் பனீர்க் கட்டிபோல் இறுகி உட்கார்ந்திருக்கும், வடியாது. வாயிலோ தோலடியிலோ அப்படிச் சேர்ந்ததைச் சுரண்டியோ அறுத்தோதான் எடுக்க வேண்டும். மஞ்சள் பற்றுப் போட்டுப் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் அது தாடை எலும்புக்குள் இறங்கிவிடும்.

புணேயின் வேறு பருவங்களுக்கு வேறு தொல்லைகள். மார்ச், ஏப்ரலில் காற்று வறண்டதும் சட்டை முழுதாக உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கண்ணின் மேல் இருக்கிற கண்ணாடிச் செதிலும் பழையது தங்கிவிடும். ஈரத் துணி போட்ட பெட்டியில் விட்டால் பெரும்பாலும் தானே வந்துவிடும். அவசரத்தில் இடுக்கியால் பிடுங்கினால் அடியில் இருக்கிற புதிய செதிலும் சேர்ந்து கண்ணே போய்விடும். தண்ணீர்க் கிண்ணத்திலேயே நாள் முழுக்கக் கிடக்கிற பாம்பை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மிளகுப் பொடிபோல் கறுப்புப் புள்ளிகள் ஒட்டினால் சிற்றுண்ணி. தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுத் திண்டின் மேல் படுத்து வயிறு வெந்துபோகிற பாம்புகளும் உண்டு. தோல் தீய்வதைப் பாம்பு நேரத்தோடு உணர்ந்து விலகுவதில்லை.

தலை தூக்கினால் எல்லாமே சளி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். போவா, மலைப்பாம்பு வகைகளில் ஒரு கொடிய நோய் 1970களிலிருந்தே தெரியும். பாம்பு தலையை வானம் நோக்கி வளைத்து நட்சத்திரம் பார்ப்பதுபோல் நிற்கும்; மல்லாக்கப் போட்டால் நிமிரத் தெரியாது; உண்டதை வெளியே தள்ளும்; மெலிந்து சாகும். நுண்ணோக்கியில் செல்களுக்குள் புரதத் திரளைகள் தெரிந்ததால் உட்பொருள் நோய் என்று பெயர் வைத்தார்கள். எது உண்டாக்குகிறது என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிபடவில்லை. போவா வளர்த்த ஒரு பெண், சான்ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வாளர் ஜோ டெரிசிக்குத் தன் பாம்பின் படத்தை வைத்து ஒரு கடிதம் எழுதினார்: இந்த நோயின் காரணத்தைக் கண்டுபிடித்துத் தர முடியுமா? 2003இல் சார்ஸ் வைரஸை அடையாளம் காண உதவிய ஆய்வகம் அது. அவர்கள் கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. நோயுற்ற பாம்புகளின் திசுவிலிருந்து மரபுப் பொருளைப் பிரித்து, பாம்பினுடையதைக் கழித்துவிட்டு மீதியைப் பார்த்தார்கள். 2012இல் விடை வெளிவந்தது: அரினா வைரஸ். ஆப்பிரிக்காவின் லாசா காய்ச்சலை உண்டாக்கும் குடும்பம். அதுவரை பாலூட்டிகளில் மட்டும், பெரும்பாலும் எலிகளில், வாழ்வதாக நினைத்த குடும்பத்துக்குப் பாம்புக் கிளை ஒன்று இருந்திருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, பால் பைத்தான்களின் தீராத நுரையீரல் நோய்க்குப் பின்னால் நிடோ வைரஸ் இருப்பது தெரியவந்தது. இரண்டுக்கும் இன்றுவரை மருந்து இல்லை. புதுப் பாம்பை மூன்று மாதமாவது தனி அறையில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

இதுவரை சொன்னது வெளிநாட்டுப் பாம்புகளைப் பற்றி. நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்காது. பால் பைத்தான் போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல் இனங்களை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணைய வாசலில் பதிவு செய்ய வேண்டும். இந்தச் சட்டம் மருத்துவ மேஜை வரைக்கும் வருகிறது. திருட்டுத்தனமாக வாங்கியவர் பாம்பு எங்கிருந்து வந்தது, எந்தப் பாம்போடு இருந்தது என்பதை மறைக்கிறார். நோய் வரலாற்றில் மிக முக்கியமான பக்கம் கிழிந்துபோகிறது. அந்தப் பொய்க்கான விலையைப் பாம்பு கட்டுகிறது.

ஆனால் புணேயில் நோயாளிப் பாம்பு என்றால் அடுக்குமாடிப் பைத்தானைவிடப் பழைய ஒரு உருவம் உண்டு. ஆடி, ஆவணி வாக்கில், மராத்தியர்களின் சிராவண மாதத்தில், நாக பஞ்சமி வரும். சாங்லி மாவட்டத்தில் பத்தீஸ் சிராளா என்ற ஊரில் உயிருள்ள நல்ல பாம்புகளைப் பிடித்து வந்து ஊர்வலம் எடுத்து வழிபட்டார்கள். அது மும்பை உயர் நீதிமன்றம் வரை போய்த் தடைக்கு உள்ளானது. நகரங்களில் மகுடியோடும் கூடையோடும் வருகிற காருடிகள், அதாவது பாம்பாட்டிகள், இன்னும் முற்றாக மறையவில்லை. கூடைகளிலிருந்து மீட்கப்படும் பாம்புகளின் கதை ஏறக்குறைய ஒன்றுதான். பல வாரம் முன்பே பிடித்து, விஷப் பல்லை உடைத்து, சிலவற்றுக்கு விஷப்பையையும் அறுத்து, வாயை நூலால் தைத்து, பட்டினி போட்டு வைத்திருப்பார்கள். பல் திரும்ப முளைக்கும்; பாம்புக்கு மாற்றுப் பற்கள் வாழ்நாள் முழுவதும் வரிசையில் காத்திருக்கின்றன. அறுத்த சுரப்பி முளைக்காது. உடைத்த புண்ணில் அழுகல் பிடித்துத் தாடை வரை போகும்.

பஞ்சமி அன்று அதன் முன்னால் பால் கிண்ணம் வைக்கப்படுகிறது. தண்ணீரே காணாத பாம்பு எந்தத் திரவமானாலும் குடிக்கும். பார்ப்பவர்கள் நாகம் பால் குடித்தது என்று கும்பிடுகிறார்கள். அது குடித்தது தாகத்துக்கு. முட்டையிலிருந்து வெளிவரும் இனத்துக்குப் பாலைச் செரிக்க வழியில்லை. அதைவிட மோசம், முன்பு சொன்ன மூச்சுக்குழாய் வாய் கீழ்த்தாடை நடுவிலேயே இருப்பதால், வலுக்கட்டாயமாக ஊற்றுகிற பால் நேராக நுரையீரலுக்குப் போகலாம். மஞ்சளும் குங்குமமும் இமையில்லாத கண்ணின் மேலே விழுகின்றன. நம்மூரில் புற்றுக்குப் பால் ஊற்றுகிற அம்மாக்களின் பக்தியை நான் மதிக்கிறேன். அந்தப் பால் புற்று மண்ணோடு போகட்டும்; ஒரு பாம்பின் வாய்க்குள் போக வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

புணேக்கு இந்த விஷயத்தில் ஒரு மரபும் இருக்கிறது. 1980இல் நீலிம்குமார் கைரே என்ற இளைஞர் 72 விஷப் பாம்புகளோடு 72 மணி நேரம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து காட்டினார். பாம்பு வலியப் போய்க் கடிக்காது என்று மக்களுக்கு நிரூபிப்பதுதான் நோக்கம். 1986இல் அவர் முயற்சியில் காத்ரஜில் பாம்புப் பண்ணை உருவானது. இன்றைக்கு அது ராஜீவ் காந்தி உயிரியல் பூங்காவுக்குள் இருக்கிறது. நமக்கு கிண்டியில் 1972இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணை எப்படியோ, அப்படி அவர்களுக்கு அது. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அடிக்காமல் பிடித்துக்கொண்டு போகிறவர்களை மராத்தியில் சர்ப்பமித்ரா, பாம்பின் தோழன், என்கிறார்கள். மீட்கப்பட்ட பாம்பு அப்படி ஒரு கையிலிருந்துதான் பெரும்பாலும் மருத்துவரிடம் வருகிறது.

வாய்த் தையல் பிரிக்கப்பட்ட நல்ல பாம்புக்கும், பைத்தானுக்குச் செய்த அதே வரிசைதான்: முதலில் சூடு, பிறகு நீர், பிறகு புண், பிறகு ஊசி. இரை கடைசி. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் முழு எலியைத் திணித்தால் இரத்த உப்புகள் நிலைகுலைந்து செத்துவிடலாம். குளிர்ந்த வயிற்றில் இரை செரிக்காமல் அழுகும். அதனால் நீர்த்த உணவைக் குழாய் வழியே துளித்துளியாகத் தொடங்குவார்கள். விஷப்பை போன பாம்பால் இனி வேட்டையாட முடியாது; அதைக் காட்டில் விடுவது பட்டினிக்கு அனுப்புவதுதான்.

இந்த வைத்தியத்தில் குணமாவதும் சத்தமில்லாமல்தான் நடக்கும். நான்காவது ஊசி, ஐந்தாவது ஊசி என்று பதினைந்து நாள் ஓடியிருக்கும். தராசில் மூன்று கிராம் கூடியிருக்கும். சொடுக்குச் சத்தம் நின்றிருக்கும். அத்தனை நாளும் சூட்டுத் திண்டின் மேலேயே ஒட்டிக் கிடந்த பைத்தான் ஒரு இரவில் அதை விட்டு இறங்கி, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு, பெட்டியின் குளிர்ந்த முனைக்கு ஊர்ந்து போய்த் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் சுருண்டு படுத்திருக்கும். காலையில் அதைப் பார்த்ததும் தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி குறைக்கலாம்.